பிடிக்காததெல்லாம் ஹராம் அல்ல

ஸ்டாக்ஹோமின் தென்புறநகரில் நாங்கள் வாழும் பகுதியில், ரயில் நிலையத்திற்கு எதிரே ஓர் எளிய உணவகம் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு மேசைகள். சுவரில் ஒரு கரும்பலகை. அன்றைய உணவின் பெயர் அதில் எழுதப்பட்டிருக்கும். பகல் பதினொரு மணி முதல் இரண்டு மணி வரை பேருந்து ஓட்டுநர்கள், செவிலியர், கட்டடத் தொழிலாளர்கள், ஓய்வுபெற்ற முதியவர்கள் என அக்கம்பக்கத்தார் அங்கே வந்து உண்கிறார்கள். ஒரு தட்டின் விலையிலேயே காய்கறிக் கலவை, ரொட்டி, வெண்ணெய், குடிக்க ஒரு பானம், இறுதியில் காப்பி எல்லாம் அடக்கம். இந்நாட்டின் மரபான வீட்டுச் சாப்பாட்டை 'ஹூஸ்மன்ஸ்கோஸ்ட்' என்பார்கள். அங்கே பரிமாறப்படுவது அதுதான்.

சில மாதங்களுக்கு முன் அந்த உணவகத்தில் ஒரு பிரிவு விருந்து நடந்தது. முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்ற ஸ்வீடன் நாட்டுப் பெரியவர் ஒருவர், தம்முடன் பணியாற்றியவர்களை மதிய உணவுக்கு அழைத்திருந்தார். அவர்களுள் நம் சகோதரர் ஒருவரும் இருந்தார். ஒன்றரை மணிநேரம் ஒரு குவளைத் தண்ணீரை மட்டும் வைத்துக்கொண்டு அவர் அமர்ந்திருந்தார். ஏன் உண்ணவில்லை என்று பெரியவர் கேட்டபோது, "உங்கள் உணவு எங்கள் மார்க்கத்தில் தடுக்கப்பட்டது" என்று விடையளித்தார். அன்று பலகையில் எழுதியிருந்ததோ வறுத்த மீனும் மசித்த உருளைக்கிழங்கும்.

அன்று மாலை பசி தாங்காமல் அதே சகோதரர் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பிட்சாக் கடையில் கெபாப் பிட்சா வாங்கி உண்டார். அக்கடையில் பன்றித் தொடைக்கறியும் கெபாப் இறைச்சியும் ஒரே மேடையில் வெட்டப்பட்டு, ஒரே அடுப்பில் வேகின்றன. அங்கே அவர் எதையும் கேட்கவில்லை. கடைக்காரரின் பெயர் முஸ்லிம் பெயர் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

இதைக் குறைகூறும் நோக்கில் நாங்கள் எழுதவில்லை. அண்மைக்காலம் வரை நாங்களும் அவ்வாறே இருந்தோம். அந்த உணவகத்தின் வாசலைப் பதினொரு ஆண்டுகள் கடந்து சென்றும் ஒருநாளும் உள்ளே நுழையாதவர்கள் நாங்கள். கேட்டவர்களிடம் 'பேணுதல்' என்று சொன்னோம். அது பேணுதல்தானா என்று எங்களையே கேட்டுக்கொண்டபோது கிடைத்த விடை எங்களுக்கு உவப்பானதாக இல்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

உடும்பு கற்பிக்கும் பாடம்

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் நபி (ஸல்) அவர்கள் முன் ஒருமுறை சுட்ட உடும்பு வைக்கப்பட்டது. கையை நீட்டியவர்கள், அது உடும்பு என்று அறிந்ததும் கையை எடுத்துக்கொண்டார்கள். அருகிலிருந்த காலித் பின் வலீத் (ரலி) அவர்கள், "இது ஹராமா?" என்று வினவினார்கள். இல்லை என்றும், தம் சமூகத்தாரின் நிலப்பகுதியில் அது காணப்படுவதில்லை என்பதால் தமக்கு விருப்பமில்லை என்றும் நபியவர்கள் விளக்கினார்கள். நபியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே காலித் (ரலி) அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது.

உடும்பு உண்பது குறித்து மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. நாம் இங்கே நோக்குவது அதையன்று. பழக்கமின்மை வேறு, தடை வேறு என்று அந்த விருந்தில் எவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டப்பட்டது என்பதையே நோக்குகிறோம். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்வதில் இழுக்கு ஏதுமில்லை. 'பிடிக்கவில்லை' என்பதை 'ஹராம்' என்ற சொல்லால் மூடுவதே குற்றம். நாவுக்கு வந்தபடி இது ஆகும், இது ஆகாது என்று தீர்ப்பளிப்பது இறைவன்மீது பொய்யை இட்டுக்கட்டுவதில் போய் முடியும் என்று அந்நஹ்ல் அத்தியாயத்தின் 116-ஆம் வசனம் எச்சரிக்கிறது. ஹராமான ஒன்றை ஹலால் என்பவனுக்கு மட்டுமான எச்சரிக்கை அன்று அது. ஹலாலான ஒன்றை ஹராம் என்பவனையும் அதே வசனம் நிறுத்திக் கேட்கிறது.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கம்பத்திலும் பிறந்து மிளகும் தேங்காய்ப்பாலும் உண்டு வளர்ந்த நாவுக்கு, உப்பும் வெந்தயக்கீரை போன்ற ஓர் இலையும் மட்டும் சேர்த்த மீன் சப்பென்று இருப்பது இயல்பே. அதை அப்படியே சொல்லிவிட்டுப் போகலாமே! உணவைக் குறைகூறாமல், விரும்பினால் உண்டும் விரும்பாவிட்டால் விட்டும் வாழ்ந்த நபியைப் பின்பற்றுகிறோம் என்கிறவர்களுக்கு அது கடினமா?

கடலின் பங்கு

ஸ்வீடனின் வீட்டுச் சாப்பாடு என்றாலே பன்றிதான் என்பது நம்மிடையே நிலவும் எண்ணம். அதில் பாதி உண்மை, மறுபாதி கடல். கரும்பலகைகளில் அடிக்கடி காணப்படும் 'ஸ்ட்ரெம்மிங்' நம் மத்திக்கு உறவான சிறுமீன். கால்மார் நகருக்கு வடக்கே பால்டிக் கடலில் பிடித்தால் அதற்கு ஸ்ட்ரெம்மிங் என்று பெயர். பிற கடலில் பிடித்தால் அதே மீனே 'சில்' எனப்படும். ஸ்ட்ரெம்மிங்கை முள்ளெடுத்து, இரண்டிரண்டாக ஒட்டி, கம்பு போன்ற கருந்தானியமான 'ரோக்' மாவில் புரட்டி, வெண்ணெயில் வறுத்து, மசித்த உருளைக்கிழங்கோடும் 'லிங்கொன்' என்னும் புளிப்பான செந்நிறக் காட்டுப்பழத்தோடும் பரிமாறுகிறார்கள். 'சில்' மீனைக் காடியிலும் சர்க்கரையிலும் வெங்காயத்திலும் ஊறவைக்கிறார்கள். காடியை நல்ல தொடுகறி என்று நபியவர்கள் பாராட்டியதை முஸ்லிம் நூலில் படித்திருக்கிறோம். காடியில் ஊறிய மீனைக் கண்டு முகம் சுளிக்க நமக்கு மார்க்கத்தில் என்ன காரணம் இருக்கிறது?

கடல் வேட்டையும் அதன் உணவும் ஆகுமாக்கப்பட்டவை என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் 96-ஆம் வசனம் உணர்த்தும் பொருள். மீனுக்கு அறுப்பு இல்லை; அறுத்தவர் யார் என்ற கேள்வியும் இல்லை. இதில் ஹனஃபியும் ஷாஃபிஈயும் ஒன்றுபடுகிறார்கள். இறால் வந்தால் பேச்சு மாறும். வெண்ணெயில் வறுத்த ரொட்டியின் மேல் இறாலைக் குவித்துத் தரும் 'ஸ்காகன்' என்ற பண்டத்தை நம்மில் ஷாஃபிஈகள் தயங்காமல் உண்பார்கள். ஹனஃபிகளுள் சிலர் தவிர்ப்பார்கள். தமிழ் முஸ்லிம்கள் நால்வர் ஒரு மேசையில் அமர்ந்தால் இரு மத்ஹபுகளும் அங்கே இருக்கக்கூடும். ஒருவர் உண்ண மற்றவர் தவிர்க்க, ஒருவரை ஒருவர் பழிக்காமல் எழுந்து வருவதே நம் முன்னோர் கண்ட அழகு. அந்த அழகை அண்டைவீட்டார் முன்னிலையில் காட்டுவதற்கு மட்டும் ஏன் தயங்குகிறோம்?

மீன் மட்டுமா? இங்கே வியாழக்கிழமைதோறும் பட்டாணிக் கூழும் அதன்பின் மெல்லிய மாவு அப்பமும் உண்பது நெடுநாள் வழக்கம். இராணுவ முகாம்களிலும் அந்த வழக்கம் தொடர்ந்தது. வெள்ளியன்று நோன்பிருந்த பழைய கத்தோலிக்கக் காலத்தில், முந்திய நாளில் வயிறார உண்ட பழக்கத்தின் எச்சம் அது என்பார்கள். கூழில் பன்றி இறைச்சி கிடக்கும். உடன் 'புன்ஷ்' என்ற மதுவையும் சிலர் அருந்துவார்கள். அவ்விரண்டும் நமக்கு ஆகா. ஆனால் பாலும் முட்டையும் மாவும் கலந்து சுட்டு, பழப்பாகும் பாலாடையும் வைத்துத் தரும் அந்த அப்பத்தில் ஹராமான பொருள் எது?

ஒரு கோசுப் பொதியின் பயணம்

இந்த உணவை 'அவர்களுடையது' என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு செய்தியை அறிந்திருக்க வேண்டும். 1709-இல் பொல்டாவா போரில் தோற்ற ஸ்வீடன் மன்னர் பன்னிரண்டாம் கார்ல், உஸ்மானியப் பேரரசில் அடைக்கலம் புகுந்தார். இன்றைய மால்டோவாவில் உள்ள பெண்டர் பகுதியில் பல ஆண்டுகள் தங்கியிருந்து, 1714-இல் அப்பேரரசை விட்டுத் தாயகம் நோக்கிப் புறப்பட்டார். அவருக்குக் கடன் கொடுத்தவர்களில் சிலர் பணத்தைப் பெறுவதற்காக ஸ்வீடனுக்கே பின்தொடர்ந்து வந்தார்கள். துருக்கியரின் 'டொல்மா' இந்நாட்டுச் சமையலறைக்குள் புகுந்த கதையை மக்கள் அந்தக் காலத்தோடுதான் இணைத்துப் பேசுகிறார்கள். திராட்சை இலை விளையாத குளிர்நாட்டில் முட்டைக்கோசு இலை அதன் இடத்தைப் பிடித்தது. இன்று அதன் பெயர் 'கோல்டொல்மர்'; பெயரின் பிற்பாதி துருக்கிச் சொல்லே. மன்னர் மறைந்த நவம்பர் 30-ஆம் நாளைக் கோல்டொல்மர் நாளாகவும் இங்கே சிலர் கொண்டாடுகிறார்கள்.

2018-இல் ஸ்வீடன் நாட்டின் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கு, புகழ்பெற்ற இறைச்சி உருண்டைகளின் செய்முறையும் அந்த மன்னர் துருக்கியிலிருந்து கொண்டுவந்ததே என்று அறிவித்தது. உலகெங்கும் சிரிப்பும் சர்ச்சையும் எழுந்தன. உருண்டைகளைப் பற்றிய அந்தக் கூற்றுக்கு வலுவான சான்று இல்லை. கோசுப் பொதியின் வேர் எங்கே இருக்கிறது என்பதை அதன் பெயரே சொல்லிவிடுகிறது.

முஸ்லிம்களின் அடுப்படியிலிருந்து புறப்பட்டு வந்த பண்டத்துக்குள் இன்று பெரும்பாலும் பன்றியும் மாடும் கலந்த கொத்துக்கறி வைக்கப்படுகிறது. ஆகவே அது இன்று நம் தட்டுக்கு வராது. பெயரில் உறவு இருப்பதால் ஒரு பண்டம் ஹலாலாகிவிடாது. ஊர் அந்நியமாக இருப்பதால் ஹராமாகிவிடாது. உள்ளே இருக்கும் பொருளே அதை முடிவுசெய்கிறது. பிட்சாக் கடைக்காரரின் பெயரைப் பார்த்து உண்டதும், உணவகத்தின் பலகையைப் பார்த்து மறுத்ததும் ஒரே தவறின் இரு முகங்கள் அல்லவா?

எதிர்க்கரையில் இருப்போருக்கு

இதுவரை படித்துவிட்டு, 'பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரிதான்' என்று மகிழும் இன்னொரு சாராரும் நம்மிடையே உண்டு. இறைச்சித் துண்டை ஓரமாக ஒதுக்கிவிட்டு மீதியை உண்டால் போதும் என்பது அவர்கள் கொள்கை. அவர்களோடும் எங்களுக்கு உடன்பாடு இல்லை.

'ரக்முங்க்' என்ற உருளைக்கிழங்கு அடையைப் பல சமையலறைகளில் பன்றிக் கொழுப்பிலேயே சுடுவார்கள். மேலே கிடக்கும் துண்டை எடுத்துவிட்டால் அடைக்குள் ஊறிய கொழுப்பு எங்கே போகும்? 'பித்திபன்னா' என்பது உருளையும் வெங்காயமும் இறைச்சியும் பொடிப்பொடியாக நறுக்கி ஒன்றாக வறுத்தது. அதில் எதைப் பிரிப்பீர்கள்? 'ஃபாலுகொர்வ்' என்ற தடித்த கொத்துக்கறிக் குழலில் மாட்டிறைச்சியோடு பன்றியும் கலந்திருக்கும். 'ஷோமன்ஸ்பிஃப்' என்ற மாட்டிறைச்சிக் குழம்பில் ஊற்றுவது பீர். மதிய உணவோடு இலவசமாகத் தரும் பானங்களின் வரிசையில் மென்பீரும் நிற்கிறது. அளவு குறைவு என்பதால் அது சாறாகிவிடுமா?

மாட்டிறைச்சியைக் குறித்தும் ஒரு சொல். உயிரினங்களை மயக்கமூட்டிய பின்னரே அறுக்க வேண்டும் என்பது 1937 முதல் இந்நாட்டுச் சட்டம். அத்தகைய இறைச்சியைப் பற்றியும், வேதக்காரர்களின் அறுப்பு இன்றைய ஐரோப்பாவில் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது பற்றியும் ஆலிம்களிடையே வேறுபட்ட தீர்ப்புகள் உள்ளன. அவற்றுள் எது சரி என்று இங்கே முடிவுசெய்வது எங்கள் தகுதிக்கு அப்பாற்பட்டது. நாங்கள் உணவகங்களில் இறைச்சியைத் தவிர்க்கிறோம். ஆகும் என்ற தீர்ப்பை ஏற்றவர்களை நாங்கள் பழிப்பதில்லை. நாங்கள் கேட்பது ஒன்றே: எந்தத் தீர்ப்பை ஏற்றாலும் அதை எல்லா வாசலிலும் ஒன்றுபோலக் கடைப்பிடியுங்கள். ஸ்வீடன்காரர் கடையில் ஒரு ஃபிக்ஹும் கெபாப் கடையில் இன்னொரு ஃபிக்ஹும் இருக்க முடியாது.

ஐயத்தைக் கேள்வி தீர்க்கும்

'ஹலால் தெளிவானது, ஹராம் தெளிவானது, இடையில் உள்ள ஐயத்திற்குரியவற்றை விடுபவரே தம் மார்க்கத்தைக் காத்துக்கொள்கிறார் என்ற கருத்தில் நபிமொழி உண்டே?' என்று கேட்பார்கள். ஆம், உண்டு. அதை நாங்கள் தலைமேல் வைக்கிறோம். ஆனால் ஐயம் என்பது ஆராய்ந்த பின்னும் எஞ்சி நிற்பது. ஒரு கேள்வியில் தீரக்கூடியதைக் கேட்காமலே வைத்திருப்பது ஐயமன்று, சோம்பல். ஆதாரமே இல்லாமல் மனத்தில் எழுவதற்கு வஸ்வாஸ் என்று பெயர்.

வேதக்காரர்களிடையே வாழ்ந்த அபூ ஸஅலபா (ரலி) அவர்கள் நபியவர்களிடம் வந்து, அவர்களுடைய பாத்திரங்களில் உண்ணலாமா என்று கேட்டார்கள். வேறு பாத்திரம் கிடைத்தால் அதில் உண்ணும்படியும், கிடைக்காவிட்டால் கழுவிவிட்டு உண்ணும்படியும் வழிகாட்டப்பட்டது. கேள்வி கேட்ட தோழருக்கு நடைமுறைக்கு உகந்த விடை கிடைத்தது. நாமோ கேட்கவே வெட்கப்படுகிறோம். கேட்டால் பிற்போக்காளர் என்று நினைப்பார்களோ என்ற அச்சம் ஒருபுறம். கேட்டால் ஆகும் என்று விடை வந்துவிடுமோ என்ற அச்சம் மறுபுறம்!

உண்மையில் இந்நாட்டில் கேட்பது எளிது. பால், முட்டை, மீன், கடுகு, கோதுமை என ஒவ்வாமை தரும் 14 வகைப் பொருள்களைப் பற்றிய தகவலை உணவகங்கள் தர வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி 2014 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. ஆகவே சமையற்காரரிடம் 'இதில் என்ன இருக்கிறது' என்று கேட்பது இங்கே அன்றாட நிகழ்வு. அந்தப் பட்டியலில் பன்றியும் மதுவும் இல்லை என்பதால், அவ்விரண்டையும் நாமே கேட்க வேண்டும். கேட்பதற்குச் சில சொற்கள் போதும்: பன்றி இறைச்சிக்கு 'ஃப்லெஸ்க்', தொடைக்கறிக்கு 'ஷிங்கா', கலப்புக் கொத்துக்கறிக்கு 'ப்லாண்ட்ஃபேர்ஸ்', பன்றிக் கொழுப்புக்கு 'இஸ்டர்', திராட்சை மதுவுக்கு 'வீன்', பீருக்கு 'எல்'. மீனை வெண்ணெயில் வறுக்கிறீர்களா, அந்தச் சட்டியில் இதற்குமுன் என்ன வறுத்தீர்கள், ஊறவைத்த மீனில் சாராயம் சேர்த்தீர்களா என்ற மூன்று கேள்விகளும் கேட்டு முடிக்க அரை நிமிடம் ஆகாது.

மது பரிமாறப்படும் மேசையில் அமர்வதைப் பற்றிய எச்சரிக்கையையும் நாங்கள் மறக்கவில்லை. ஆகவேதான் மாலை விருந்துக்கு அழைப்போரிடம் 'மதிய உணவுக்கு வருகிறோம்' என்கிறோம். பகலில் அங்கே வருவோர் மறுபடியும் வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள், குடிப்போர் அரிது. அந்த ஒரு மாற்றத்தை இதுவரை எவரும் எங்களிடம் மறுத்ததில்லை.

பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாக எழுத வேண்டும், வீட்டிலேயே உண்டுவிட்டுப் போகலாமே என்று தோன்றலாம். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது, எங்கள் பிள்ளை ஒன்று பள்ளியில் பேசிய பேச்சு எங்கள் காதுக்கு வரும்வரை.

இந்நாட்டில் பள்ளி மதிய உணவு எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம். நம் பிள்ளைகளுக்குப் பன்றி இல்லாத உணவு தனியே கிடைக்கிறது. ஒருநாள் எங்கள் சிறுவன் அருகில் இருந்த தோழியின் தட்டைப் பார்த்து, "நீங்கள் சாப்பிடுவதெல்லாம் அசிங்கம்" என்று சொல்லியிருக்கிறான். அந்தச் சிறுமியின் தாய் விளையாட்டுத் திடலில் எங்களிடம் வந்தார். சண்டையிட வரவில்லை. "எங்கள் வீட்டு உணவை நீங்கள் அப்படித்தான் நினைக்கிறீர்களா?" என்று மென்மையாகக் கேட்டார். எங்களிடம் விடை இல்லை. அந்தச் சொல்லைச் சிறுவன் எங்கிருந்து கற்றான் என்பது எங்களுக்குத் தெரியும்.

'நாங்கள் பன்றி உண்பதில்லை. இறைவன் அதைத் தடுத்திருக்கிறான்' என்று சொல்லத் தெரிந்த பிள்ளை தலைநிமிர்ந்து நிற்கும். 'உங்கள் உணவு அசிங்கம்' என்று சொல்லும் பிள்ளை மார்க்கத்தைக் கற்கவில்லை; இறுமாப்பைக் கற்றிருக்கிறது. நாளை அந்தப் பிள்ளை வளர்ந்து, பலகையில் எழுதியிருந்தது வெறும் மீன் என்று அறியும்போது, நாம் ஹராம் என்று சொன்ன பிறவற்றையும் ஐயுறும். பொய்யாகச் சொன்ன ஒரு 'ஹராம்', மெய்யான பத்து 'ஹராம்'களின் மதிப்பைக் குறைத்துவிடும். இதைவிடப் பெரிய இழப்பு நமக்கு என்ன இருக்கிறது?

நகரின் நடுவே நாம் ஜும்ஆ தொழும் பெரிய பள்ளிவாசல் ஒரு காலத்தில் மின்நிலையமாக இருந்தது. 1903-இல் ஸ்வீடன் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஃபெர்டினாண்ட் பூபெர்ரி எழுப்பிய அந்தச் செங்கல் கட்டடம், 2000-ஆம் ஆண்டில் பள்ளிவாசலாகத் திறக்கப்பட்டது. அது அவர்களுடைய கட்டடம், அவர்களுடைய செங்கல் என்று நாம் தெருவில் நின்றுவிடவில்லை. தேவையானதை மாற்றி, ஆகுமானதை ஏற்று, உள்ளே சென்று ஸஜ்தா செய்தோம். அந்த அறிவை உணவு மேசையில் மட்டும் ஏன் இழந்துவிடுகிறோம்?

கடந்த மாதம் முதலில் குறிப்பிட்ட சகோதரரையும் அழைத்துக்கொண்டு அந்த எதிர் உணவகத்துக்குச் சென்றோம். சமையற்காரரிடம் எங்கள் மூன்று கேள்விகளையும் கேட்டோம். அவர் உள்ளே சென்று, கழுவிய வேறொரு சட்டியை எடுத்து வந்து எங்களிடம் காட்டிவிட்டு, அதிலேயே மீனை வறுத்துத் தந்தார். எங்களுக்கு உப்பு சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது; சகோதரர் பச்சைமிளகாயை நினைத்துப் பெருமூச்சு விட்டார். காப்பி கொண்டுவந்த சமையற்காரர், "எதிர்க் கட்டடத்தில்தானே இருக்கிறீர்கள், இத்தனை ஆண்டுகளாக ஏன் வரவில்லை?" என்று கேட்டார்.

ஹராம் என்று சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. "கேட்கத் தயங்கினோம்" என்றோம். அது உண்மை.

ஆகுமானதை ஆகுமானதென்றும் ஆகாததை ஆகாததென்றும் காட்டி, அறியாததைக் கேட்டு அறியும் பணிவையும், அண்டைவீட்டாரிடம் நன்முறையில் நடந்துகொள்ளும் பண்பையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.